தாளவாத்தியக் குழுவும் கதைசொல்லியும்: ஒரு மேடைப் படைப்பை முதலிலிருந்து உருவாக்கும் வழி

நான்கு பேர் தாளவாத்தியம் வாசிக்க, ஒருவர் கதை சொல்லும் நிகழ்ச்சியை அமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கதையை முதலில் எழுதி முடித்துவிட்டு, அப்புறம் அதற்குப் பின்னணியாக மேளத்தைச் சேர்க்கிறார்கள். பேச்சு வரும்போது மேளம் பதுங்கும். மேளம் எழும்போது பேச்சு காணாமல் போகும். இரண்டும் மேடையில் இருந்தும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இதைத் தவிர்க்க நான் நம்பும் வழி ஒன்றுதான்: குரலையும் குழுவின் ஒரு வாத்தியமாகவே நடத்துவது. ஸ்கோரில், அதாவது யார் எப்போது என்ன வாசிப்பது என்று எழுதிவைக்கும் தாளில், அதற்கும் ஒரு வரி வேண்டும், ஒத்திகையில் அதற்கும் ஒரு நாற்காலி வேண்டும்.

நான்கு வாசிப்பாளர்கள், ஒரு குரல், பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் என்ற அளவை வைத்து எழுதுகிறேன். முதல் முயற்சிக்கு இந்த அளவே போதும்.

முதலில் காதைத் தயார் செய்யுங்கள்

எழுத உட்காரும் முன் சில படைப்புகளைக் கேட்டுவிடுங்கள். இசையமைப்பாளர் எட்கார் வரேஸின் ‘அயோனிசேஷன்’ 1931-இல் எழுதி முடிக்கப்பட்டு, 1933-இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் அரங்கேறியது. பதின்மூன்று பேர், சைரன் உட்பட ஏராளமான கருவிகள். அதில் பேச்சே இல்லை. ஆனால் தாளவாத்தியங்கள் மட்டும் சேர்ந்து ஒரு முழுப் படைப்பைத் தாங்க முடியும் என்பதை அதைக் கேட்டால் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1940-இல் எழுதிய ‘லிவிங் ரூம் மியூசிக்’. நான்கு பேர் வீட்டுக்கூடத்தில் கிடைக்கும் பொருள்களைத் தட்டுகிறார்கள்: பத்திரிகை, மேசை, புத்தகம், சுவர், ஜன்னல் சட்டம். இரண்டாம் பகுதியில் அந்த நால்வரும் பேசத் தொடங்குகிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் எழுதிய ஒரு சிறுவர் கதையின் தொடக்க வரியைத் துண்டு துண்டாக்கி, அதையே தாளமாக்குகிறார்கள். அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பேச்சின் அசைகளை எப்படிப் பங்கிடலாம் என்பது பிடிபடும்.

ஃபிரெடெரிக் ஜெவ்ஸ்கியின் ‘டு தி எர்த்’ (1985) எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே ஒருவர், நான்கு மண் பூந்தொட்டிகள். பூமித்தாயைப் போற்றும் ஒரு பழைய கிரேக்கத் துதியைச் சொல்லிக்கொண்டே தொட்டிகளை வாசிக்கிறார். துதி மண்ணைப் பற்றியது, கருவியும் மண்ணால் ஆனது. கதைக்கும் கருவிக்கும் உள்ள உறவை இதைவிட எளிமையாக யாரும் காட்டியதில்லை. வின்கோ குளோபோகாரின் ‘டூஷே’ (1973) இன்னொரு திசையில் போகிறது. ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் கலிலியோ நாடக வசனத்தைச் சொல்பவரே, ஒவ்வொரு ஒலிக்கும் நெருக்கமாக ஒலிக்கும் கருவியைத் தேர்ந்துகொண்டு இரண்டையும் ஒன்றாகச் செய்கிறார். போகப் போகச் சொல்லின் இடத்தைக் கருவி எடுத்துக்கொள்கிறது.

நம் பக்கம் வில்லுப்பாட்டு இருக்கிறது. வில், வீசுகோல், உடுக்கை, குடம், ஜால்ரா, கட்டை ஆகியவற்றோடு ஒரு கதைசொல்லியும் பின்பாட்டுக்காரர்களும். வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்தின் பதிவுகளைக் கேட்கும்போது பாட்டை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவர் ஒரு வாக்கியத்தை முடித்ததும் பக்கத்திலிருப்பவர் “ஆமா” என்பார். அந்த ஒரு சொல் கதைசொல்லிக்கு மூச்சு தருகிறது, கேட்பவருக்குச் சொன்னதை வாங்கிக்கொள்ள நேரம் தருகிறது, அடுத்த அடிக்குத் தாளத்தையும் பிடித்து வைக்கிறது. உங்கள் படைப்பிலும் அந்த வேலையைச் செய்ய ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

கதையைத் தேர்ந்தெடுப்பதும் வெட்டுவதும்

சத்தம் இருக்கும் கதையாக எடுங்கள். மனத்துக்குள்ளேயே நடக்கும் கதைக்கு மேளம் சேர்த்தால் அது அலங்காரமாகவே நின்றுவிடும். வேலை நடக்கும் கதை, பயணம், மழை, சந்தை, இயந்திரம் என்று ஏதாவது ஒன்று தானே ஒலி எழுப்ப வேண்டும். எடுத்துக்காட்டுக்காக, கிணறு வெட்டுவதைப் பற்றி ஆறு வரி எழுதியிருக்கிறேன். இனி இதை வைத்தே பேசலாம்.

கீழே இருட்டு. அப்பா தெரியவில்லை.
கடப்பாரைச் சத்தம் மட்டும் மேலே வந்தது.
முதல் நாள் அதே சத்தம். இரண்டாம் நாளும் அதே சத்தம்.
மூன்றாம் நாள் சத்தம் மாறியது.
கயிற்றைப் பிடித்திருந்த மாமா கையை உயர்த்தினார்.
யாரும் பேசவில்லை.

தண்ணீர் என்ற சொல் இதில் எங்குமே இல்லை. சத்தம் மாறியது என்று கதைசொல்லி சொல்கிறார். எப்படி மாறியது என்பதை இரும்பும் மண்பானையும்தான் சொல்ல வேண்டும். வெட்டும்போது இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் போங்கள்: இதை வாத்தியம் சொல்லுமா? சொல்லும் என்றால் அந்த வரி வேண்டாம். ‘டங் டங் என்று ஓசை எழுந்தது’, ‘திடீரென்று பேரிரைச்சல்’ போன்ற வரிகள்தான் முதலில் போக வேண்டியவை. அதைச் செய்துகாட்ட நான்கு பேர் அங்கேயே நிற்கிறார்கள்.

அளவைப் பொறுத்தவரை, பன்னிரண்டு நிமிடப் படைப்பில் பேச்சு மட்டும் நான்கு, மிஞ்சினால் ஐந்து நிமிடம். மேலே உள்ள ஆறு வரியைச் சும்மா வாசித்தால் அரை நிமிடம்கூட ஆகாது. வாத்தியத்தோடு சேர்ந்தால் இரண்டு நிமிடம் தாராளமாகப் பிடிக்கும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். கண்ணால் வாசித்துக் கணக்குப் போடாதீர்கள்.

தமிழில் எழுதுபவர்கள் மறக்கக்கூடாத விஷயம் ஒன்று உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது, எதிர்மறையும் அங்கேதான் வருகிறது. ‘அப்பா தெரியவில்லை’ என்பதில் கடைசி மூன்றெழுத்தின் மேல் ஒரு சிம்பல் (பெரிய உலோகத் தட்டு) அடி விழுந்தால் ‘அப்பா தெரிய...’ என்பது மட்டும் மிஞ்சும். அப்பா தெரிந்தாரா இல்லையா என்பது கேட்பவருக்குப் போய்ச் சேராது. வாக்கியத்தின் உச்சத்தில் ஓங்கி அடிக்கத்தான் எல்லோருக்கும் கை வரும். தமிழில் அந்த உச்சம் வினையின் மேலேயே வந்து உட்காரும். ஆகவே அடி, வினை முழுதாக முடிந்த பிறகு விழட்டும். அரைத் தட்டு தள்ளினாலே போதும்.

பிறர் எழுதிய கதையை எடுப்பதானால் உரிமையைப் பாருங்கள். இந்தியாவில் எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களைத் தயக்கமில்லாமல் எடுக்கலாம். மற்றவற்றுக்கு எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

யார் பேசுவது?

தனியாக ஒரு கதைசொல்லியை வைக்கலாம், வாசிப்பவர்களே பேசலாம். முதல் முயற்சிக்குத் தனிக் கதைசொல்லியே நல்லது. நடிகரைவிட, தாளத்தில் நிற்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். குரல் வளத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கைகளை ஒரு தாளத்தில் ஓடவிட்டு வாயால் வேறொரு வேகத்தில் பேசுவது நீண்ட பயிற்சி கேட்கும் கலை. குழுவிலுள்ள ஒருவரை ஒரே ஒரு வரி பேச வைத்துத் தொடங்குங்கள். நம் கிணற்றுக் கதையில் ‘யாரும் பேசவில்லை’ என்ற கடைசி வரியை, அதுவரை பேசாத ஒரு வாசிப்பாளர் சொன்னால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

வாத்தியங்களைத் திரட்டுவது

குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 85 முதல் 255 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். ஆனால் சொல் விளங்குவது மெய்யெழுத்துகளால்தான், அவற்றின் ஒலி பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் விழுகிறது. சிம்பல், ஜால்ரா, ஸ்னேர் ட்ரம், இரும்புத் தகடு எல்லாம் அதே வட்டாரத்தில்தான் பளபளக்கின்றன. பேச்சு நடக்கும்போது அவற்றுக்கு ஓய்வு கொடுங்கள், பேச்சின் இடைவெளியில் முழு வீச்சில் விடுங்கள். பெரிய ட்ரம், மண்பானை, துணி சுற்றிய கோலால் வாசிக்கும் மரப்பலகை ஆகியவை பேச்சுக்கு அடியில் இருக்கலாம். ஆனால் தாழ்ந்த சுருதிதானே என்று ஓங்கி அடித்துவிடாதீர்கள். பலத்த தாழ்ஒலி தனக்கு மேலுள்ள ஒலிகளையும் காதில் மறைத்துவிடும்.

கிணற்றுக் கதைக்கு நான் இப்படி அடுக்குவேன். முதலாமவருக்கு ஐந்து மண்பானைகள். இரண்டாமவருக்குக் கயிற்றில் தொங்கவிட்ட இரும்புச் சாந்துச் சட்டியும் ஒரு துண்டு இரும்புக் குழாயும். மூன்றாமவருக்குப் பெரிய ட்ரமும் இரண்டு மரப்பலகைகளும். நான்காமவருக்கு உடுக்கை. இடுப்புக் கயிற்றை அழுத்தினால் உடுக்கையின் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். பேச்சின் ஏற்ற இறக்கத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வரும் தோல்கருவி சுலபத்தில் கிடைக்காது.

மண்பானை வாங்கப் போகும்போது வாசிக்கப்போகும் குச்சியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு கையில் வாய்விளிம்புக்குள் விரல் கொடுத்துத் தூக்கி, மறுகையால் தட்டிப் பாருங்கள். ஒலி ‘டண்’ என்று நீண்டால் எடுக்கலாம், ‘டக்’ என்று உடனே செத்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். நன்றாக வெந்த பானைக்குத்தான் நாதம். ஸரிகம சுருதி தேடி அலைய வேண்டாம். ஐந்தும் ஒன்றுக்கொன்று தெளிவாக வேறுபட்டால் சரி. மேடையில் வெறும் பலகைமேல் வைத்தால் ஒலி அடங்கிவிடும். தென்னைநார்ப் பிரிமனைமேல் வையுங்கள், நாதம் நிற்கும். உடையும் என்பதால் ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு மாற்றுப் பானை வேண்டும்.

குரலும் தாளமும் சேரும் வகைகள்

இந்த வேலையின் இதயம் இதுதான். நான் நான்கு வகையாகப் பிரித்துக்கொள்கிறேன்.

ஒன்று, மாற்றி மாற்றிப் பேசுவது. குரல் நின்றதும் வாத்தியம், வாத்தியம் நின்றதும் குரல். எளிமையானது, தெளிவானது. ஆனால் படைப்பு முழுக்க இதையே செய்தால் இரண்டு நிமிடத்தில் அலுத்துவிடும். தொடக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, ஓடிக்கொண்டிருக்கும் தாளத்தின் மேல் தளர்வாகப் பேசுவது. தக்கிட தகதிமி என்று ஏழு எண்ணிக்கையில் பானை மெல்ல ஓடட்டும். நிமிடத்துக்கு 66 தட்டு என்றால் ஒரு சுற்றுக்கு ஆறு விநாடிக்குச் சற்று மேல் ஆகும். ‘முதல் நாள் அதே சத்தம்’ என்பதற்கு இரண்டு விநாடி போதும். அதை முதல் தட்டில் தொடங்காமல் மூன்றாம் தட்டுக்குப் பக்கத்தில் எங்காவது தொடங்கச் சொல்லுங்கள். பேச்சு தாளத்தோடு ஒட்டாமல், அதன்மேல் மிதக்க வேண்டும். கதைசொல்லிகளுக்குத் தானாகவே தட்டோடு ஒட்டிப் பேசவரும். அப்படி ஒட்டினால் பேச்சு குழந்தைப் பாட்டின் சாயலுக்குப் போய்விடும். சுற்றுக்கு ஒரு இடத்தில் மட்டும் அவர் வந்து சேர்ந்தால் போதும் என்று குறித்துக் கொடுங்கள். ஜெவ்ஸ்கியின் ‘கமிங் டுகெதர்’ இந்த வகைக்கு நல்ல பாடம். 1971-இல் அமெரிக்காவின் ஆட்டிகா சிறைக் கிளர்ச்சியில் இறந்த சாம் மெல்வில் என்ற கைதியின் கடித வாக்கியங்கள், நிற்காமல் ஓடும் ஒரே வரிசை ஸ்வரங்களின் மேல் திரும்பத் திரும்ப வருகின்றன. தாளம் தளராததால்தான் அந்தக் குரலின் பதைப்பு நமக்குத் தெரிகிறது.

மூன்று, அசைக்கு அசை கட்டிய தாளம். இங்கே தமிழ் யாப்பு நமக்குத் தயாராக ஒரு கருவியைக் கொடுத்திருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ‘சத்தம் மாறியது’ என்பதை அலகிட்டால், அதாவது அசை பிரித்தால், சத் - தம் - மா - றிய - து. மெய்யைக் கணக்கில் விட்டால், ஒற்றை எழுத்தாக நிற்கும் அசை நேர், குறிலில் தொடங்கி இரண்டு எழுத்தாக வரும் அசை நிரை. நேர் நேர், நேர் நிரை நேர். நேருக்குத் தாழ்ந்த பானையில் ஒரு அடி, நிரைக்கு உயர்ந்த பானையில் இரண்டு விரைவான அடி என்று வைத்தால் அந்த வரி அப்படியே கையில் வந்துவிடும். ‘மா’வை நீட்டி அடிக்க முடியாது. பானை நீளாது. அங்கே அடித்த பிறகு ஒரு வெற்று இடம் விடுங்கள். அடுத்து ‘சத்தம்’ என்று சொல்லிப் பாருங்கள்: ‘த்’தில் நாக்கு பல்லைத் தொட்டு ஒரு கணம் மூச்சை அடைக்கிறது. வல்லினம் இரட்டிக்கும் இடமெல்லாம் இப்படியொரு நுண்ணிய மௌனம் இருக்கிறது. அந்த மௌனத்தில் அடியை வைக்காதீர்கள். அதை விட்டு வெளிவரும் உயிரின் மேல் வையுங்கள். சொல்லும் அடியும் ஒரே நேரத்தில் கேட்கும், ஒன்று மற்றதை விழுங்காது.

நான்கு, நிழல். மூன்றாம் வகையில் கட்டிய தாளத்தைக் குரல் இல்லாமல் வாத்தியம் மட்டும் திரும்பச் சொல்வது. கேட்பவர் அந்தச் சொல்லை ஏற்கெனவே கேட்டிருப்பதால், பானை அடிக்கும்போது அவர் காதில் சொல்லே ஒலிக்கும். ‘சத்தம் மாறியது’ என்று குரல் ஒருமுறை சொல்லட்டும். பிறகு பானை அதையே சொல்லட்டும், அடுத்துச் சாந்துச் சட்டி, அடுத்து உடுக்கை. ஒவ்வொருவர் சொல்லும்போதும் சத்தம் உண்மையிலேயே மாறுகிறது. இந்த ஒரு இடத்துக்காகவே அந்த வரியை எழுதினேன்.

இப்போது ஆறு வரிகளையும் பங்கிடுங்கள். முதல் இரண்டு வரி மாற்றி மாற்றி. மூன்றாம் வரி ஓடும் தாளத்தின் மேல், இங்கே சாந்துச் சட்டி மாறாத ஒரே அடியாக, இடைவெளிகளில் மட்டும். நான்காம் வரி அசைக்கு அசை, தொடர்ந்து நிழல். இது ஒரு நிமிடம் வரை வளரலாம், படைப்பின் உச்சம் இதுதான். ஐந்தாம் வரிக்கு உடுக்கை மட்டும், தாளமில்லாமல், சுருதி ஏறிக்கொண்டே. ஆறாம் வரிக்கு எதுவும் வேண்டாம்.

ஸ்கோர்

குரலின் வரியை எல்லா வாத்தியங்களுக்கும் மேலே எழுதுங்கள். தளர்வான பேச்சுக்கு ஸ்வரக் குறி தேவையில்லை. எங்கே தொடங்குவது, எங்கே வந்து சேர்வது என்று இரண்டு அம்புக்குறி போதும். வாசிப்பவருக்கு அடையாளமாக ஒரு வார்த்தையைக் கொடுக்கும்போது, வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு முந்திய சொல்லைக் கொடுங்கள். கடைசிச் சொல்லைக் கொடுத்தால் அவர் கை வினையின் மேலேயே இறங்கிவிடும். எல்லோருக்கும் முழு ஸ்கோரையே கொடுப்பது நல்லது; தன் பங்கு மட்டும் தெரிந்தவர் பேச்சைக் கேட்கமாட்டார்.

ஒத்திகை

முதல் ஒத்திகைக்கு வாத்தியங்களைக் கொண்டுவராதீர்கள். மிருதங்கம் கற்பவர்கள் சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகிய பிறகே கையில் வாசிப்பார்கள். அதே முறையில், கதையின் எல்லா வரிகளையும் நால்வரும் வாயால் சொல்லிக் கையால் தாளம் போடட்டும். ஒவ்வொருவர் நாக்கிலும் கதை ஏறிய பிறகு கருவியைத் தொடலாம்.

அடுத்தது ஒலியளவு. ஸ்னேரை ஓங்கி அடித்தால் 100 டெசிபெல்லைத் தாண்டும். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் 60 சொச்சம்தான். ‘மெதுவாக வாசியுங்கள்’ என்று சொன்னால் எல்லோரும் வேகத்தையும் சேர்த்துக் குறைத்துவிடுவார்கள். அதற்குப் பதில் குச்சியின் உயரத்தைச் சொல்லுங்கள். பேச்சுக்கு அடியில் வாசிக்கும்போது குச்சி முனை பானையிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு மேல் எழக்கூடாது. வேகம் அப்படியே இருக்கும், ஒலி தானாக இறங்கும். மெல்லிய வாசிப்பில் நால்வரும் ஒரே நேரத்தில் விழுவதுதான் கடினம். ஒத்திகை நேரத்தில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குங்கள்.

கதையை இதுவரை படிக்காத ஒருவரைக் கூடத்தின் கடைசியில் உட்கார வைத்து, காதில் விழுந்ததைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். குழுவில் இருக்கும் யாருக்கும் கதை மனப்பாடம். விழாத சொல்லும் விழுந்த மாதிரியே அவர்களுக்குத் தோன்றும். அந்தத் தாளில் விட்டுப்போன சொற்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, அந்த இடங்களில் வாத்தியத்தை மாற்றுங்கள். கதைசொல்லியை இன்னும் கத்தச் சொல்லாதீர்கள். கத்தினால் உயிரொலிதான் பெருகும், மெய் தெளியாது.

மைக்கும் அரங்கும்

சிறிய அறையில் மைக் இல்லாமலே செய்து பாருங்கள், அந்த நெருக்கத்துக்கு ஈடில்லை. மைக் வைப்பதானால் கதைசொல்லியை நடுவில், வாத்தியங்களுக்கு முன்னால் நிறுத்தும் வழக்கத்தை விடுங்கள். அவர் பார்வையாளரைப் பார்த்து நிற்கும்போது அவர் வாயைப் பார்க்கும் மைக், அவருக்குப் பின்னாலுள்ள வாத்தியங்களையும் சேர்த்துப் பார்க்கிறது. முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் கார்டியாய்ட் வகை மைக்குக்கு முதுகுப் பக்கம் கேட்கும் திறன் குறைவு. கதைசொல்லியை மேடையின் ஓரத்தில், அரங்கின் ஓரச்சுவர் அவர் முதுகுக்கு நேராக வரும்படி சற்று உள்நோக்கித் திரும்பி நிற்கவைத்தால், மைக்கின் முதுகு சாந்துச் சட்டியை நோக்கி அமையும். வாத்தியக்காரர்களின் முகமும் அவருக்குத் தெரியும், கண்ணாலேயே சைகை வாங்கிக்கொள்ளலாம். ஒலிப்பொறுப்பாளரிடம் குரல் சானலில் (மைக்கின் ஒலி வரும் தடத்தில்) 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டச் சொல்லுங்கள், பெரிய ட்ரமின் அதிர்வு மைக் வழியாக இரண்டாம் முறை வராது.

கல்யாண மண்டபம் போன்ற எதிரொலி நிறைந்த இடமானால் வேகத்தைக் குறைப்பதைவிட இடைவெளிகளை நீட்டுவது பயன் தரும். இரும்பு அடித்த பின் அதன் ஒலி சுவரிலிருந்து திரும்பி அடங்கும்வரை அடுத்த சொல் தொடங்கக்கூடாது. அன்று மதியமே போய்க் கை தட்டிப் பார்த்து, அந்த அடங்கும் நேரத்தைக் கதைசொல்லி மனத்தில் எண்ணிக்கொள்ளட்டும். உடுக்கைத் தோல் ஈரக்காற்றில் தளரும். மழைக்காலமானால் மேடைக்குப் போகும்வரை அதைத் துணியில் சுற்றி உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஸ்கோரின் முதல் பக்கத்தை எழுதுங்கள். ஒவ்வொரு பானையின் வாய் அகலம், உயரம், எந்தக் குச்சி, எந்த இடத்தில் அடி, சாந்துச் சட்டியைத் தொங்கவிட்ட கயிற்றின் நீளம், கதைசொல்லி நின்ற இடத்தின் வரைபடம் எல்லாவற்றையும் அதில் சேருங்கள். பானை உடைந்துவிடும், வாசித்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தப் பக்கம் இருந்தால் வேறொரு ஊரிலிருக்கும் நான்கு பேர் தங்கள் சந்தையில் பானை வாங்கி, தங்கள் கதைசொல்லியை வைத்து இதே படைப்பை வாசிக்க முடியும்.